மூன்றாவது மூலை

அரூர்
மாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மஞ்சு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணன், பிள்ளைகள், உன் மாமியார் எல்லோரும் சௌக்கியம்தானே? போன் பண்ணியிருக்கலாமே என்பாய். போனில் நீதான் பேசுவாய், நான் ‘உம்’ கொட்டுவேன். இது அப்படி முடிகிற விஷயம் இல்லை. அதோடு, இத்தனை பக்கம் பேனா பிடித்து எழுத முடிகிறது என்பதை நீ உன் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.

உன் புது வீட்டுக்கென்று தைக்க ஆரம்பித்த விரிப்பைத் திரும்ப எடுத்துவிட்டேன். நேற்று மூன்றாவது மூலையில் ஒரு கண்ணாடி பதித்தேன். தட்டிப் பார்த்தேன், உதறிப் பார்த்தேன், அசையவில்லை.

காய்ச்சல் கதை உனக்குப் பாதிதான் தெரியும். 2006-ல் சிக்குன்குனியா வந்து ஊர் ஊராக ஜனங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது நமக்கு ஒன்றும் ஆகவில்லை. வார்டன் அம்மா கொடுத்த நிலவேம்புக் கஷாயத்தை நான் மூக்கைப் பிடித்துக் குடித்தேன், நீ ஜன்னல் வழியாகச் செம்பருத்திக்கு ஊற்றினாய். அப்போது தப்பித்தது இந்த ஐப்பசியில் வந்து சேர்ந்தது. காய்ச்சல் சில நாளில் இறங்கிவிட்டது, மூட்டுதான் விடவில்லை. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. ஈரத்துணி பிழிய முடியாது. புடவைக்குப் பின் குத்த முடியாமல் அத்தைதான் குத்திவிடுவார். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடிக்க முடியாமல் நின்றபோது நாலாம் வகுப்புப் பிள்ளைகளே தேதியும் கிழமையும் போர்டில் எழுதிவிட்டு, ‘டீச்சர், நீங்க சொல்லுங்க, நாங்க எழுதறோம்’ என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும், தானாகக் குறையும் என்று டாக்டர் சொன்னார். குறையும்வரை காத்திருப்பவளுக்குத்தான் தெரியும் அந்த மாதக்கணக்கு.

பொங்கலுக்கு பீரோவை ஒழித்தபோது விரிப்பு கையில் வந்தது. நான் படுத்திருந்த நாட்களில் யாரோ எம்ப்ராய்டரி ரிங்கைக் கழற்றாமல் அப்படியே மடித்து வைத்திருக்கிறார்கள். துணியில் வட்டமாக அழுத்தம் விழுந்து, திருகாணி இருந்த இடத்தில் துருக்கறை. கோரா துணி என்பதால் பளிச்சென்று தெரிந்தது. எலுமிச்சைச்சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, நன்றாக அலசினேன். முக்கால்வாசி போய்விட்டது. (எலுமிச்சை பட்டால் சாயம் வெளுக்கும். உன் வீட்டில் யாராவது செய்தால் முதலில் ஓரத்தில் வைத்துப் பார்க்கச் சொல்.)

கறை போனாலும் கை வரவேண்டுமே. நேராகத் தைப்பது சுலபம், மஞ்சு. கண்ணாடி பதிப்பதுதான் விரலைக் கேட்கும் வேலை. கண்ணாடியைத் துணிமேல் வைத்து முதலில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு இழை போட்டு அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். அப்புறம் அந்த இழைகளையே பிடிமானமாக வைத்துச் சுற்றிலும் தைத்துக்கொண்டு வரவேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் நூலை இழுத்து முறுக்காக வைத்தால்தான் கண்ணாடி நிற்கும். கொஞ்சம் தளர்ந்தாலும் ஒரு பக்கமாக நழுவிவிடும். எனக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஊசி நிற்கவே இல்லை. இழுத்தால் சுரீர் என்று மணிக்கட்டு வரை ஏறும். வெந்நீரில் கையை வைத்து எடுத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன், ரிங்கைத் தலையணைமேல் சாய்த்து வைத்துப் பார்த்தேன். கடைசியில் உதவியது பையனின் வெடித்த பலூன்! ஒரு துண்டு கத்தரித்து, அதால் ஊசியைப் பிடித்து இழுத்தால் வழுக்காது, விரலை இறுக்கவும் வேண்டாம். சும்மா வந்துவிடுகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தையல் முன்போல நெருக்கமாக இல்லை. முதல் இரண்டு மூலைக்குப் பக்கத்தில் வைத்தால் மூன்றாவது கொஞ்சம் அகலமாகத்தான் தெரிகிறது. சிவப்பும் சேரவில்லை. தர்மபுரியில் வாங்கிய நூலில் சீட்டு அதே நம்பர், ஆனால் நிறம் ஒரு மாற்று கூடுதல். எல்லாவற்றையும் பிரித்துவிட்டுப் புதிதாகப் போடு என்கிறார் இவர். எனக்கு மனசு வரவில்லை. எனக்கு இந்தத் தையலைச் சொல்லித்தரும் சத்துணவு அக்காவிடம் கேட்டேன். ‘நாலாவதையும் இதே கையில் போடு டீச்சர். நெருக்கம் ரெண்டும் தலைமாட்டுக்கு, அகலம் ரெண்டும் கால்மாட்டுக்கு’ என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது அக்காவைப் பற்றித்தான். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. எனக்கு விரல் இல்லாத மாதங்களில் அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்திருக்கிறது, சொல்லவே இல்லை. இப்போது ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது நான். துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தே ‘இங்கே ஒரு இழை விட்டுட்டே’ என்கிறார். சரியாகவும் இருக்கிறது.

சிட்டிலிங்கி பக்கத்தில் லம்பாடி ஜனங்கள் குடியிருக்கும் தண்டாக்களில் அவர்களுடைய இந்தத் தையல் ஏறக்குறைய மறந்தே போயிருந்தது உனக்குத் தெரியும். 1993-ல் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் ஓலைக்குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்களே, அதே ஊரில்தான் அப்புறம் போர்கை என்ற பெயரில் லம்பாடிப் பெண்கள் ஒரு குழுவாகக் கூடி, தெரிந்த ஒன்றிரண்டு பாட்டிகளிடம் கேட்டுக் கேட்டு அதை மீட்டெடுத்தார்கள். நம் அக்கா அந்தக் கூட்டத்தில் இல்லை, அவர் அம்மாவிடம் கற்றது. கரையில் வரும் அந்தப் பல்பல்லான கோடு, மூலை திரும்பும்போது இழையை விடாமல் திருப்புகிற விதம், எல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. நாலாவது மூலையின் நடுக்கட்டத்தை எனக்கு இன்னும் காட்டவில்லை. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அவளுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம், அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆபரேஷன் என்றாலே அக்கா எழுந்து போய்விடுகிறார். இலவசமாகவே செய்கிறார்கள், லென்ஸ் வைத்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று சொல்லியாயிற்று. ‘அடுப்பை யார் பார்ப்பா, ஆட்டை யார் பார்ப்பா’ என்பதுதான் பதில். மே மாதம் பள்ளிக்கூடம் லீவு. அடுப்பு இல்லை, புகை இல்லை. கண்ணில் புகை படக்கூடாத வாரங்களை அப்போது கடந்துவிடலாம். ஆட்டை என் நாத்தனார் வீட்டில் விடலாம், கேட்டுவிட்டேன். நான் சொன்னால் டீச்சர் சொல்கிறாள் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார். உன் மாமியார் போன வருஷம் செய்துகொண்டாரே, அவரை அழைத்துக்கொண்டு ஒருநாள் வாயேன். செய்துகொண்டவரே வந்து உட்கார்ந்து பேசினால் அக்கா கேட்பார். கூடவே நீ இருந்தால் அவரால் எழுந்து போகவும் முடியாது. உன் வாய்க்கு இப்போதுதான்டி சரியான வேலை வந்திருக்கிறது.

சித்திரைக்குள் வா. விரிப்பு உன் புது வீட்டுக்குத்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் தேதி கேட்காதே. விரல் விடுகிற அளவுக்குத்தான் தைக்கிறேன்.

நூல் சீட்டை இந்தக் கடிதத்தோடு ஒட்டியிருக்கிறேன். கிருஷ்ணகிரியில் பழைய ஃபேன்ஸி கடைகளில் பழைய சரக்கு கிடக்கும். இந்தச் சிவப்பு கிடைத்தால் நான்கு கண்டு வாங்கி வா. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து வாங்கு, டியூப்லைட்டில் ஏமாற்றும். இங்கே புளி உலுக்கியாயிற்று. கொட்டை எடுத்து உனக்கு ஐந்து கிலோ தனியாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உமா