முயலைப் பட்டினி போடச் சொல்லாதீர்கள்

செல்லப்பிராணிகளுக்குச் சிகிச்சை தரும் கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம். எங்கள் முயல் வெள்ளச்சி இறந்து நான்கு மாதம் ஆகிறது. வயது மூன்று. கருத்தடை ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஒரு சீட்டு கொடுத்தார்கள்: இரவு 9 மணிக்கு மேல் உணவோ தண்ணீரோ கூடாது. நாய், பூனை, முயல் எல்லாவற்றுக்கும் அதே சீட்டுதான். கூண்டிலிருந்த புல்லை நானே என் கையால் எடுத்து வைத்தேன்.

மறுநாள் மதியம் ஆபரேஷன் முடிந்தது. தையல் சுத்தமாக இருந்தது, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். "நாளைக்குத் தானா சாப்பிடும்" என்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள். வலிக்கு மருந்து எதுவும் தரவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாள். அது வலி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கூண்டில் ஒரு புழுக்கைகூட விழவில்லை. மூன்றாம் நாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்றுதான் நாயையும் பூனையையும் வெறும் வயிற்றில் வரச் சொல்கிறீர்கள். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புல் உள்ளே போவது நின்றால் குடல் மந்தமாகும், வாயு கட்டும், வலிக்கும். வலித்தால் அது இன்னும் சாப்பிடாது. வாயில் உணவு தங்காமலிருக்க ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் எடுத்தாலே போதும்.

பிரிட்டனில் 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மயக்க மருந்து கொடுத்த நாய்களில் 0.17 சதவீதமும் பூனைகளில் 0.24 சதவீதமும் இறந்தன. முயல்களில் அது 1.39 சதவீதம், அதாவது ஏறக்குறைய 72-க்கு ஒன்று. அந்த முயல்களில் பாதிக்கும் மேல் இறந்தது மேசையில் அல்ல, ஆபரேஷன் முடிந்த பிறகு. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெள்ளச்சியை வீட்டுக்கு அனுப்பியது அந்த நேரத்தில்தானே!

ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயதான பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அடிக்கடி வருகிறது, அதனால்தான் நானும் சம்மதித்தேன். நான் கேட்பது, முயலுக்கென்று தனியாக ஒரு சீட்டு அச்சடியுங்கள். மயக்கம் தெளியும்வரை உடம்பைச் சூடாக வைத்திருங்கள், வலி மருந்து கொடுங்கள், தானாகச் சாப்பிட்டுப் புழுக்கை போட்ட பிறகு அனுப்புங்கள். வீட்டுக்குத் தரும் மருந்தில் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் இருந்தால் அது வாய்வழி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முயலின் குடலுக்கு அது விஷம். முயலுக்குச் சிகிச்சை செய்து பழக்கமில்லை என்றால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள். கோபப்பட மாட்டோம், வேறு ஊருக்கானாலும் தூக்கிக்கொண்டு போவோம்.

வெள்ளச்சியோடு வளர்ந்த சின்னவளுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். அவளுக்குப் பழகிய காய்ந்த புல்லை ஒரு பையில் கொண்டுவருவேன். கண் விழித்ததும் அதை அவள் முன்னால் வைக்க என்னை உள்ளே விடுங்கள்.

இப்படிக்கு,
முயல் வளர்க்கும் ஒருத்தி