இரண்டாவது டிஸ்க்கைத் தூக்கிப் போடாதே

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்கு இந்த முறை சோம்பல் காரணமில்லை, வலது கண். புரை முற்றிவிட்டது, எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள், எடுத்தாயிற்று. அரை மணி நேர வேலைகூட இல்லை. ஆனால் அதற்கு முந்தின ராத்திரி நான் பட்ட பாட்டைச் சொன்னால் இன்னும் பத்து வருஷம் நீ சிரிப்பாய், அதனால் விட்டுவிடுகிறேன். இடது கண்ணுக்கு அடுத்த மாதம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வீடு மாறப் போகிறாய், டிவிடி, புளூ-ரே எல்லாவற்றையும் கழித்துவிடப் போகிறாய், "படமெல்லாம்தான் ஆன்லைனில் கிடைக்கிறதே, இந்த டப்பாக்கள் எதற்கு" என்று எழுதியிருக்கிறாய். படத்துக்காக என்றால் நீ சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்த டப்பாக்களை நாம் படத்துக்காக மட்டுமா வாங்கினோம்? பின்பக்க அட்டையில் 'கூடுதல் அம்சங்கள்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தானே காசை எடுப்பாய்! அந்தப் பொடி எழுத்துக்காரர்களை ஆன்லைனில் தேடிப் பார். படம் இருக்கும், படம் ஓட ஓட எடுத்தவர்களே பேசிக்கொண்டு வரும் கமெண்டரி பெரும்பாலும் இருக்காது. நீக்கிய காட்சிகள் துண்டு துண்டாக எங்காவது கிடக்கும், யார் போட்டார்கள், எதற்காக நீக்கினார்கள் என்ற விவரம் இல்லாமல்.

கண் விஷயத்திலிருந்து இந்த விஷயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த முதல் சில நாள் திரைப் பக்கமே போகக் கூடாது என்று வீட்டில் கட்டுப்பாடு. புத்தகமும் கிடையாது. இரண்டாம் நாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் ஒரு டிஸ்க்கைப் போடச் சொல்லி, ஒலியை இயக்குநர் கமெண்டரிக்கு மாற்றிவிட்டு, கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன். என்ன படம் என்று கேட்காதே. சுமாரான படம்தான். நன்றாக ஓடிய படத்தின் இயக்குநர் கமெண்டரியில் ஆளாளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பார். ஓடாத படத்தின் இயக்குநருக்கு இழக்க ஒன்றுமில்லை. இந்த இடத்தில் வெளிச்சம் போய்விட்டது, இந்தச் சண்டையை அரை நாளில் எடுத்தோம், இந்தக் காட்சியை ஏன் வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்று ஒவ்வொன்றாகக் கொட்டுவார். பின்னால் படத்தின் வசனம் தணிந்த குரலில் ஓடிக்கொண்டிருக்கிறது, முன்னால் இவர் பேசிக்கொண்டே போகிறார். ஓரிடத்தில் திடீரென்று பேச்சு நின்றுவிட்டது. திரையில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்த நடிகர் இப்போது இல்லை என்று மட்டும் சொன்னார். கண் திறந்திருந்தால் அந்த மௌனத்தைக் கவனித்திருக்கவே மாட்டேன்.

யாரோ பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கிற மாதிரி இருந்தது, மூர்த்தி. நீ முன்னெல்லாம் என் காதில் நச்சரித்துக்கொண்டே பார்ப்பாயே, அதே மாதிரி. அப்போது எரிச்சலாக இருக்கும். உனக்கும் ஒரு வால்யூம் பட்டன் இருந்தால் தேவலை என்று நினைப்பேன்.

இந்தக் கமெண்டரி பிறந்த கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. 1984இல் கிரைட்டீரியன் நிறுவனம் 1933ஆம் வருஷத்து 'கிங் காங்' படத்தை, டிவிடிக்கு முன்னோடியான லேசர் டிஸ்க்கில் வெளியிட்டது. அந்த டிஸ்க் ஒரு அடி அகலம், சாப்பாட்டுத் தட்டு மாதிரிப் பெரியது. அதில் இரண்டு ஒலித் தடங்கள் உண்டு. படமோ பழைய மோனோ படம், ஒரு தடம் போதும். மீதித் தடம் சும்மாதானே கிடக்கிறது என்று, ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்படக் காப்பாளரை உட்கார வைத்து, படம் ஓட ஓடப் பேசச் சொல்லிவிட்டார்கள். காலியாக இருந்த திண்ணையில் ஒருவர் வந்து உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தது போலத்தான். பெரிய திட்டமெல்லாம் இல்லை. 1996இல் ஜப்பானில் டிவிடி வந்தபோது எட்டு ஒலித் தடங்கள் வரை வைக்க இடம் கிடைத்தது, திண்ணை நீண்டுவிட்டது.

இடம் கிடைத்தால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? 2002இல் வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகத்தின் நீட்டித்த பதிப்பை எடுத்துக்கொள். நான்கு டிஸ்க். இரண்டில் படம், இரண்டில் படம் உருவான விதம். மூன்றரை மணி நேரப் படத்துக்கு நான்கு கமெண்டரி: இயக்குநரும் எழுதியவர்களும் ஒன்றில், வடிவமைத்தவர்கள் ஒன்றில், தயாரிப்பு வேலை பார்த்தவர்கள் ஒன்றில், நடிகர்கள் ஒன்றில். நான் வடிவமைத்தவர்கள் பேசுவதைத்தான் இரண்டு தடவை கேட்டேன். கோட்டைகளையெல்லாம் கணினியில் வரைந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஆள் உயரத்தையும் தாண்டும் மாதிரிகளைக் கையால் கட்டி, கேமராவை அவற்றின் மேல் ஊர வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் படத்தைப் பார்த்தால் மாயம் போய்விடும் என்று நீ அப்போதே சொன்னாய். எனக்கு நேர்மாறாக இருந்தது. அந்தச் சுவரில் எத்தனை பேருடைய விரல் பட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு சுவர் இன்னும் கனமாகத் தெரிந்தது.

உன் கட்சியில் பெரிய ஆள் ஒருவர் இருந்தார், ஒப்புக்கொள்கிறேன். இயக்குநர் டேவிட் லிஞ்ச் கமெண்டரி பேச மாட்டேன் என்று கடைசி வரை மறுத்தார். 'மல்ஹாலண்ட் டிரைவ்' டிவிடியில் காட்சிகளுக்குத் தாவிப் போகிற அத்தியாயப் பிரிவுகளைக்கூட வைக்கவில்லை. முழுசாகப் பார், இல்லையென்றால் விட்டுவிடு என்கிற மாதிரி. அவருடைய படங்களுக்கு அது பொருந்துகிறது. எல்லாப் படமும் அப்படியா?

நீக்கிய காட்சிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பத்தில் எட்டைப் பார்த்தால் நீக்கியது நியாயம் என்று புரியும். எடிட்டர் மேல் மரியாதை கூடும், அவ்வளவுதான். 'படம் உருவான விதம்' என்ற பெயரில் பதினைந்து நிமிஷம் ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றிப் புகழும் விளம்பரத் துண்டுகளை நீ தாராளமாகக் குப்பையில் போடலாம். ஆனால் அது தனி டிஸ்க்கில் வராதே, அதுதான் சிக்கல்.

இன்னொன்று. 2015இல் அபு என்ற பையனின் கதையைச் சொல்லும் சத்யஜித் ரேயின் படங்கள் மூன்றும் மீட்கப்பட்டு டிஸ்க்காக வந்தன. மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் ஒரு பிலிம் லேபில் நடந்த தீ விபத்தில் கருகிப் போனவை. மிஞ்சியதை இத்தாலியில் பொலோன்யாவில் இருக்கும் ஒரு கூடத்தில் வைத்து, காய்ந்து சுருண்ட பிலிமை ஈரப்படுத்தி இளக்கி, ஓரத் துளைகளைக் கையால் ஒட்டிச் சரிசெய்து, ஒவ்வொரு ஃப்ரேமாக ஸ்கேன் செய்தார்கள். மீட்கப் பிடித்த பாட்டைக் காட்டும் ஒரு குறும்படம் அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. பொதுவாக இந்த மாதிரித் துண்டுகளில் திரையை நடுவில் பிளந்து, ஒரு பக்கம் கீறலும் கறையுமாகப் பழைய படத்தையும் மறுபக்கம் சுத்தம் செய்ததையும் காட்டுவார்களே, அது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இப்போது அது எனக்குத் தினமும் இலவசமாகக் கிடைக்கிறது. இடது கண்ணை மூடினால் சுவர் வெள்ளை. வலது கண்ணை மூடினால் அதே சுவர் பழுப்பு, டீக்கறை படிந்த மாதிரி. இத்தனை வருஷம் அந்தப் பழுப்பைத்தான் வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! நீல நிறம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. காலையில் எழுந்ததும் இந்தக் கண், அந்தக் கண் என்று மாற்றி மாற்றி மூடிப் பார்க்கிறேன். வீட்டில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அடுத்த மாதம் இந்த ஒப்பீடு முடிந்துவிடும் என்பதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

ஆக, கழிப்பதென்றால் படத்தை மட்டும் வைத்து வந்த டிஸ்க்குகளைக் கழி. இரண்டு, மூன்று டிஸ்க் உள்ள பெட்டிகளையும், கமெண்டரி உள்ளவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு எனக்கு அனுப்பிவிடு. கூரியர் செலவு என்னுடையது. இடது கண் முடிந்ததும் மறுபடி நாலைந்து நாள் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். அதற்குள் வந்து சேர்ந்தால் நல்லது. எந்த டிஸ்க்கிலாவது நீ கமெண்டரியை முழுசாகக் கேட்டிருந்தால் அட்டையின் மேல் பென்சிலால் ஒரு கோடு போடு. எது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
சேகர்

பி.கு.: அனுப்புவதற்கு முன் துடைக்கிறேன் என்று ஆரம்பித்தால் வட்டமாகத் துடைக்காதே. நடுத் துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடை. தடத்தின் போக்கிலேயே கீறல் விழுந்துவிட்டால் பிளேயர் திணறும். உன் சட்டை முனையும் வேண்டாம், மெத்தென்ற துணி ஏதாவது எடு.