வாட் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்ளவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார அறிவியல் துணுக்குகளில், ‘மின்சாரத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் வாட், மின்திறன் அலகுக்குத் தன் பெயரையே சூட்டினார்’ என்று ஒரு வரி. அதற்குள் இரண்டு பிழை. வாட் காலமானது 1819 ஆகஸ்டில். கம்பியில் ஓடும் மின்சாரம் காந்த ஊசியைத் திருப்பும் என்று டென்மார்க் அறிவியலாளர் ஓர்ஸ்டெட் கண்டதே 1820-இல்தான். வாட் காலத்தில் மோட்டாரும் இல்லை, டைனமோவும் இல்லை. உங்களுக்குத் தெரியாததைச் சொல்லவில்லை. ஆனால் துணுக்கை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிற பிள்ளைக்கு அது தெரியாதே.

பெயர் சூட்டியவர் வில்லியம் சீமென்ஸ். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பொறியாளர். மின்னோட்டத்துக்கு ஆம்பியர், மின்னழுத்தத்துக்கு வோல்ட், மின்தடைக்கு ஓம் என்ற அலகுகள் எல்லாம் 1881 பாரிஸ் மாநாட்டிலேயே முடிவாகிவிட்டன. ஒரு வோல்ட்டை ஒரு ஆம்பியரால் பெருக்கி வருகிற திறனுக்குத்தான் தனிப்பெயர் இல்லை. 1882 ஆகஸ்டில் சவுத்தாம்ப்டனில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் தலைமையுரையில், அதற்கு ‘வாட்’ என்று வைக்கலாம் என்றார் சீமென்ஸ். 1889-இல் பாரிஸில் கூடிய மின்னியலாளர் மாநாடு அதை ஏற்றது. வாட் இறந்து எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘சீமென்ஸ்’ என்றே ஓர் அலகு இருக்கிறதே என்பார்கள். அது இவருடைய அண்ணன் வெர்னர் பெயரில் வந்தது.

மின்சாரத்தைத் தொடாதவர் பெயர் மின் அலகுக்கு ஏன்? அந்த நியாயத்தைத்தான் உங்கள் துணுக்கு விழுங்கிவிட்டது. திறனை எண்ணாக்கி விற்கக் கற்றுக்கொடுத்தவர் வாட். சுரங்கங்களில் அவர் நீராவி எஞ்சினுக்கு வாடகை, அதற்கு முன்பிருந்த நியூகோமன் நீராவி எஞ்சினோடு ஒப்பிட்டு மிச்சமாகும் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு. குதிரை கட்டி ஓட்டிய ஆலைகளில் ஒப்பிட நிலக்கரி ஏது? ‘எத்தனை குதிரைக்குச் சமம்’ என்று சொல்லியாக வேண்டியிருந்தது. நம் செக்குமாடு போலச் சுற்றிவரும் ஆலைக் குதிரையை எடுத்துக்கொண்டார். வட்டத்தின் ஆரம் 12 அடி. மணிக்கு 144 சுற்று. இழுவிசை 180 பவுண்டு. ஒரு சுற்று 75.4 அடி, நிமிடத்துக்கு 2.4 சுற்று என்றால் ஏறக்குறைய 181 அடி. 180-ஆல் பெருக்கினால் 32,572 வரும். அதை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று முழுமையாக்கினார். இதுதான் ஒரு குதிரைத்திறன் (ஹெச்.பி.). இன்றைய கணக்கில் 746 வாட். சராசரிக் குதிரை நாள் முழுவதும் இந்த அளவுக்கு இழுக்காது. வாங்குகிறவர் ஏமாறாதபடி தாராளமாகவே வைத்த கணக்கு இது.

சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் கெட்டில் மூடி துள்ளியதைப் பார்த்து நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்ற கதையையும் நீங்கள் இரண்டு முறை போட்டாயிற்று. 1712-லேயே நியூகோமன் எஞ்சின் நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்தது. அதில் நீராவியைக் குளிர்விக்க உருளைக்குள்ளேயே தண்ணீர் பீய்ச்சுவார்கள். உருளையும் சேர்ந்து குளிர்ந்துவிடும். அடுத்த வீச்சுக்கு அதை மறுபடி சூடாக்கவே நீராவியில் பெரும்பகுதி வீணாகும். குளிர்விக்கும் கலத்தைத் தனியே பிரித்து, உருளையைச் சூடாகவே வைத்தது 1765-இல் வாட்டின் வேலை. கெட்டிலைவிட இது எவ்வளவு நல்ல கதை!

‘சக்தி’ என்ற ஒரே சொல்லை விசைக்கும் ஆற்றலுக்கும் திறனுக்கும் போடுகிறீர்களே, அதுவும் மனதை வருத்துகிறது. பாடநூல்கள் மூன்றையும் அழகாகப் பிரித்துத் தந்திருக்கின்றன. இது கலந்துபோவதால்தான் ‘மணிக்கு 5 கிலோவாட் மின்சாரம் செலவாகும்’, ‘கூரையில் தினமும் 3 கிலோவாட் உற்பத்தி’ என்றெல்லாம் அச்சாகிறது. வாட் என்பதே வேகம்: ஒரு நொடிக்கு ஒரு ஜூல் ஆற்றல். அதற்கு முன்னால் ‘மணிக்கு’ எதற்கு? ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் விசிறி 13 மணி 20 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்.

இந்தக் குழப்பம் விவசாயியின் கையைக் கடிக்கிறது. 5 ஹெச்.பி. பம்பு மோட்டாரின் தகட்டில் 3.7 கிலோவாட் என்று இருக்கும். அது தண்டில் கிடைக்கும் திறன். மோட்டாரின் பயனுறுதிறன், அதாவது உள்ளே போவதில் தண்டுக்கு வந்து சேரும் பங்கு, 85 சதவீதம் என்றால், முழுச் சுமையில் கம்பி வழியே இழுப்பது ஏறக்குறைய 4.4 கிலோவாட். திறன் காரணி 0.8, மும்முனை 415 வோல்ட் என்றால் ஃபேஸுக்கு 7.6 ஆம்பியர் வரும். தகட்டில் உள்ள 3.7-ஐயே மின் உள்ளீடாக வைத்து, அளவு மீறி மின்சாரம் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயைக் குறைவாக வைத்தால், நல்ல மோட்டார் அடிக்கடி டிரிப் ஆகும். மோட்டாரையோ வோல்டேஜையோ குறை சொல்லிப் பட்டறைக்கும் ஊருக்கும் அலைவார்கள்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: பெயர் வைத்தவர் சீமென்ஸ், ஆண்டு 1882. யூனிட் என்று வரவேண்டிய இடத்தில் கிலோவாட் வராமல் பிழைதிருத்துபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னியல் விரிவுரையாளர்,
கோயம்புத்தூர்