கட்டுரை அனுப்பும் முன்: எழுத்தாளர்கள் கவனத்திற்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கட்டுரைகளைப் பெரும்பாலும் கைபேசியில்தான் வாசிக்கிறார்கள். கணினியில் ஐந்து வரியாகத் தெரியும் பத்தி அங்கே பதினைந்து வரிச் சுவராக நிற்கும். எனவே பத்திக்கு மூன்று, நான்கு வாக்கியங்கள் போதும்.

இருபுறமும் வரி சீராக்கி அனுப்பாதீர்கள். தமிழில் சொற்கள் நீளம். ஒரு வரியில் மூன்றே சொற்கள் விழும்போது நடுவே பெரிய ஓட்டைகள் தெரியும். இடப்புறம் மட்டும் சீராக இருக்கட்டும். எழுத்தளவு 18 பிக்சல், வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.7 மடங்கு வைக்கிறோம். அதைவிட மிகவும் குறைந்தால் மேல்வரியின் 'மூ' கீழ்வரியின் 'கீ'யோடு உரசக்கூடும். சாய்வெழுத்து வேண்டவே வேண்டாம், தமிழுக்கு அது அழகில்லை. அழுத்தம் தர, தடித்த எழுத்து போதும், அதுவும் பத்திக்கு ஒரு இடத்துக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாத பிழை: 'கௌரவம்' என்பதைக் 'கெளரவம்' என்று ஒற்றைக்கொம்பும் 'ள'வும் சேர்த்துத் தட்டச்சு செய்வது. பார்க்க ஒன்றுபோல இருக்கும். தேடினால் அகப்படாது, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் 'கெ-ள-ர' என்று படிக்கும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த மேற்கோள்களிலும் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அவற்றை ஒட்டாமல் திரும்பத் தட்டச்சு செய்துவிடுங்கள், திருத்துவதைவிட அதுதான் சீக்கிரம்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவர்கள், எல்லாக் கருவிகளிலும் தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அனுப்பவும். காற்புள்ளிக்கு முன் இடைவெளி விடாதீர்கள். விட்டால் அது தனியே அடுத்த வரித் தொடக்கத்தில் போய் உட்காரக்கூடும்.

படங்களைத் தனிக் கோப்பாக, ஒரு வரி விளக்கத்தோடு அனுப்புங்கள்.