ருவாண்டாவையும் வகுப்பில் பேசுங்கள்

ஆசிரியருக்கு,

நம் வகுப்புகளில் இனப்படுகொலை என்றால் பெரும்பாலும் ஹிட்லரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பிள்ளைகளும் இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். 1994-இல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் நடந்ததையும் பத்தாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். சுமார் நூறு நாளில் ஏறக்குறைய 8 லட்சம் பேர், பெரும்பாலும் துட்சி என்ற சிறுபான்மை இனத்தவர், கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் பெரும்பான்மை ஹூட்டு இனத்தின் தீவிரவாதிகள்; அவர்களோடு சேர்ந்தவர்களில் அண்டை வீட்டுக்காரர்களும் உண்டு.

அந்த நிலைமை எப்படி வந்தது என்பதைத்தான் நிதானமாகச் சொல்லித்தர வேண்டும். 1930-களில், பெல்ஜிய ஆட்சியில், அடையாள அட்டையில் ஹூட்டுவா துட்சியா என்று எழுதிக் கொடுத்தார்கள். அறுபது ஆண்டு கழித்து, சாலைத் தடுப்புகளில் அதே விவரத்தைப் பார்த்துத்தான் ஆளைத் தனியே நிறுத்தினார்கள். ஆர்.டி.எல்.எம். வானொலி பாட்டும் கிண்டலுமாக இளைஞர்களை இழுத்தது. நடுநடுவே துட்சிகளைக் கரப்பான் பூச்சி என்றது. அப்புறம் பெயர் சொல்லியே ஆட்களைக் காட்டிக்கொடுத்தது. 2003-இல் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்தவர்களில் அந்த வானொலியைத் தொடங்கியவர்களோடு ஒரு பத்திரிகை ஆசிரியரும் இருந்தார். (உங்களுக்கு எழுதும்போது இதை விட மனமில்லை!)

வாட்ஸ்அப்பில் சுற்றும் வெறுப்புச் செய்தி ஒன்றை, சாதி, மதப் பெயரை மறைத்துவிட்டு, அந்த ஒலிபரப்போடு ஒப்பிடச் சொல்லலாம். தேர்வில் கேள்வி வேண்டாம். இரண்டு பீரியட் ஒதுக்கினால் சரி.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கும்பகோணம்