பணிய லயத்துக்கு வந்து அளந்து பாருங்கள்

இலங்கைத் தொலைக்காட்சியை டிஜிட்டலுக்கு மாற்றும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கும் பொறியியலாளர்களுக்கும்,

வணக்கம். நான் மலையகத்தில் இராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொலைக்காட்சிப் பெட்டி ரிப்பேர் செய்பவன். பெட்டியைத் திறந்து வேலை செய்த நேரத்தைவிடத் தகரக் கூரையில் ஏறி அன்டெனாவைத் திருப்பிய நேரமே என் தொழிலில் அதிகம்.

போன ஐப்பசியில், பள்ளத்தில் இருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளான பணிய லயத்தின் கடைசிக் காம்பராவுக்குக் கூப்பிட்டார்கள். செய்தி வாசிக்கும் பெண்ணுக்கு இரண்டு மூக்கு, நான்கு கண். "பெட்டி போய்விட்டதா அண்ணே, புதிது வாங்க வேண்டுமா?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். அவர் மகனிடம் அடிமட்டத்தை வாங்கித் திரையில் வைத்தேன். ஒரு மூக்குக்கும் மற்ற மூக்குக்கும் இடையே ஒன்றரை சென்டிமீட்டர். 21 அங்குலப் பழைய பெட்டி அது. படத்தின் ஒரு வரியை இடமிருந்து வலமாகத் திரையில் எழுத 52 மைக்ரோ வினாடி பிடிக்கும். மைக்ரோ வினாடி என்பது ஒரு வினாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஒன்றரை சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டு மைக்ரோ வினாடி. அதற்குள் அலை 600 மீட்டர் ஓடிவிடும். நேரே வந்த அலையைவிட அவ்வளவு தூரம் அதிகமாக, எதிர் மலையில் மோதிச் சுற்றிக்கொண்டு வந்த அலைதான் அந்த இரண்டாவது மூக்கு. பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. அன்டெனாவைக் கூரையிலிருந்து இறக்கி, மரக்கறிப் பாத்தியின் மூலையில் கம்பம் நட்டு, அதன் முதுகை எதிர் மலைக்குக் காட்டி நிறுத்தினேன். இரண்டாவது மூக்கு மங்கிவிட்டது, முழுதாகப் போகவில்லை. அடுத்த காற்றில் கம்பம் சாயும், மறுபடி கூப்பிடுவார்கள்.

எங்கள் மேட்டு லயத்திலிருந்து ஐந்து நிமிடம் ஏறினால் பிதுருதலாகலை தெரியும். 2524 மீட்டர், நாட்டிலேயே உயரமான மலை, உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்கள். இறங்கிப் பணிய லயத்துக்கு வந்தால் இடையில் ஒரு மேடு வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. அந்த எண்பதுகளில் கடலுக்கு அப்பால் தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்து வீடுகளில் உயரக் கம்பம் நட்டு ரூபவாஹினி பார்த்தார்கள் என்பது அங்கே வயதில் மூத்த எவரைக் கேட்டாலும் தெரியும். ஒளிபரப்பு அலையைக் கடல் மறிப்பதில்லை, மலை மறிக்கிறது. இதில் யாரையும் குற்றம் சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை.

எழுதுவது இனி வரப்போவதைப் பற்றி. 2014இல் ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள். கொழும்பில் 350 மீட்டருக்கும் மேல் தாமரைக் கோபுரம் எழுந்துவிட்டது. மாற்றம் தாமதமாகிறது என்று பலர் வருந்துகிறார்கள். எனக்கோ அது சரியாகத் திட்டமிடாமல் வந்து சேர்ந்துவிடுமோ என்றுதான் பயம்.

காரணம் இதுதான். இன்றைய அனலாக் முறையில் அலை பலவீனமாக இருந்தால் படம் புள்ளி புள்ளியாகும், நிழல் விழும், நிறம் போகும். ஆனாலும் குரல் கேட்கும். பாதி தெரிகிற படத்தை வைத்துக்கொண்டு எங்கள் சனம் நாற்பது வருடம் செய்தி கேட்டிருக்கிறது. டிஜிட்டலில் அந்தப் பாதி கிடையாது. அலை ஓர் அளவுக்கு மேல் இருந்தால் கண்ணாடி போன்ற படம். கொஞ்சம் குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும், இன்னும் குறைந்தால் திரை கறுப்பாகிவிடும், குரலும் போய்விடும். மூக்கு இரண்டாகத் தெரியும் தொல்லை டிஜிட்டலில் இல்லை என்பது உண்மை. மூக்கே தெரியாமல் போகும் வீடுகள் எத்தனை என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது. தொலைக்காட்சி இரண்டு வகை அலைகளில் வரும். வி.எச்.எப். அலை நீளமானது, 200 மெகாஹெர்ட்ஸில் ஒன்றரை மீட்டர். மேட்டின் விளிம்பில் கொஞ்சம் வளைந்து பள்ளத்துக்குள் இறங்கும். யு.எச்.எப். அலையோ 600 மெகாஹெர்ட்ஸில் அரை மீட்டர்தான், அவ்வளவாக வளையாது. டிஜிட்டல் யு.எச்.எப்.பில் வந்தால் நனைந்த மரங்கள்கூட அதை விழுங்கும். அலையைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கி மாட்டுங்கள் என்று சொல்லிவிடாதீர்கள். டவுன் கடையில் வாங்கிய பூஸ்டரைப் பெட்டிக்குப் பின்னால் மாட்டியிருக்கும் வீடுகள் இங்கே நிறைய. 50 மீட்டர் கேபிளில் இறங்கி வருவதற்குள் யு.எச்.எப். அலையின் பலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். அப்புறம் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். பூஸ்டர் கம்பத்தின் உச்சியில், அன்டெனாவை ஒட்டி இருக்க வேண்டும். அங்கேயும் வந்து சேர்கிற அலையைத்தான் அது பெருக்கும், வராத அலையை உண்டாக்காது.

ஆகவே மேட்டின் மேல் சிறு மறு ஒளிபரப்பிகள் வேண்டும். பிதுருதலாகலை தெரிகிற இடத்தில் அலையை வாங்கி, சில வாட் சக்தியில் பள்ளத்துக்குள் திருப்பி விட்டால் போதும். அனலாக்கில் இதற்கு ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேறு அலைவரிசை தேட வேண்டியிருந்தது. நீங்கள் தேர்ந்தெடுத்த முறையில் ஒரே அலைவரிசையிலேயே பல ஒளிபரப்பிகள் ஒன்றையொன்று கெடுக்காமல் இயங்க முடியும். ஜப்பானும் மலை நாடுதான். 2011 ஜூலை 24இல் பெரும்பாலான இடங்களில் அனலாக்கை நிறுத்துவதற்கு முன் அவர்கள் மலைப் பகுதிகளில் சிறு நிலையங்களையும் பொது அன்டெனாக்களையும் அமைத்தார்கள். அப்படியும் அலை எட்டாத வீடுகளுக்குச் சில வருடம் செய்மதி வழியாகக் கொடுத்தார்கள். நிலநடுக்கத்தில் அடிபட்ட மூன்று மாகாணங்களுக்கு 2012 மார்ச் வரை தவணை விட்டார்கள். அவர்களிடமிருந்து இயந்திரத்தை வாங்கும்போது இந்தப் பழக்கத்தையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

"எல்லா லயத்திலும் டிஷ் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. காசு கட்ட முடியாத மாதத்தில் அது துணி காயப்போடும் கம்பி. கனமழை பிடித்தால் அதன் படமும் அறுந்துபோகும். எங்களுக்குச் செய்தி அவசியமாகிற நேரமும் அதே கனமழை நேரம்தான்.

முறையைத் தேர்ந்தெடுத்த அதே 2014இல், தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில், ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. நல்ல படம் வந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். ஆனால் ஜப்பானிய முறையில் அவசர எச்சரிக்கைக்கென்று தனி வசதி இருக்கிறது. அதற்கேற்ற பெட்டியாக இருந்தால், காத்திருப்பு நிலையில் கிடந்தாலும் தானாக விழித்துக்கொண்டு எச்சரிக்கையைக் காட்டும். மண்சரிவுக்கு முதலில் பயப்பட வேண்டியவர்கள் பள்ளத்திலும் சரிவிலும் இருப்பவர்கள். அலை எட்டாமல் போகப்போவதும் அவர்களுக்குத்தான். இந்த முரண்பாட்டை, அலை எட்டும் இடங்களைக் குறிக்கும் உங்கள் வரைபடம் காட்டாது. பிரதான வீதியில் வாகனத்தை நிறுத்தி, கூரையில் கம்பத்தை உயர்த்தி அளந்தால் இராகலைக்கு நல்ல அலை இருப்பதாகவே பதிவாகும்.

தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதாமல் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று லயம் லயமாக அளந்து, அந்தக் கணக்கைத் தமிழிலும் வெளியிடுங்கள். மறு ஒளிபரப்பி வைக்க இடமும் மின்சாரமும் தேயிலைத் தொழிற்சாலைகளில் இருக்கின்றன, நிர்வாகங்களோடு பேசுங்கள். அது இயங்கத் தொடங்கும்வரை அனலாக்கை நிறுத்தாதீர்கள். என்னைப் போல டவுனிலும் தோட்டத்திலும் கூரை ஏறுகிறவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் பாதி வீடுகளை நாங்களே சரிசெய்துவிடுவோம்.

அளக்க வருவதானால் மாசி மாதத்து வெயிலில் வர வேண்டாம், ஐப்பசியில் வாருங்கள். தொழிற்சாலை வரை வாகனம் வரும், அதன்பின் முந்நூறு படி இறங்க வேண்டும். ஏணி என்னிடம் இருக்கிறது. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் மட்டும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
இராகலைப் பக்கத்து ரிப்பேர்காரன்