ஈரச் சுவத்துல சிமென்ட் பூசாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். 2019 ஆகஸ்ட்ல எங்க நீலகிரி அவலாஞ்சியில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுனப்போ எமரால்டு பக்கம் எங்க வீட்டுக்குள்ளயும் சேறு, தோட்டத்துல பேரிக்கா மரத்தச் சுத்தி முழங்கால் உயரம் மண்ணு. மேஸ்திரி உடனே சிமென்ட் பூசிடலாம்னாரு, ஆனா இது பழைய மண் சுவரு, உள்ள இருக்குற ஈரம் வெளிய போக வழி வேணும்ல, சிமென்ட் போட்டா உள்ளயே தங்கி பொருக்கு பொருக்கா உதிரும், அதனால பனிக்கால வெயில் வர்ற வரைக்கும் காயவிட்டு சுண்ணாம்பே பூசுனோம். மரத்தடி மண்ண மொதல்ல அள்ளிடணும், இல்லன்னா வேருக்கு மூச்சு முட்டிரும். இப்ப சரிவுல மண்ணு சரியாம இருக்க தடுப்புச்சுவர் கட்டுறவங்க தண்ணி வடிய ஓட்டையே விடுறதில்ல (கேட்டா அழகா இருக்காதாம்!), பின்னாடி தண்ணி தேங்கி சுவரையே தள்ளிடுது. அனுமதி குடுக்குறப்பவே இத யாராச்சும் பாருங்க சார்.

– ஒரு வாசகர், நீலகிரி